ஸ்டீராய்டுக்கு முன் ஐந்து நாள்: ரத்தத்தில் கால்சியம் ஏறிய ஒரு முதியவரின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு மருந்தாளராக இருக்கிறேன். நான் உடனிருந்து பார்த்த ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தார் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளிலும் முடிவுகளிலும் கை வைக்கவில்லை.

பின்னணி

அவருக்கு வயது 68. ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இளவயதில் இங்கு வந்து, கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஈசூனில் நாலறை வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீடு) மனைவியோடும் இளைய மகளோடும் இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின். பத்து ஆண்டுகளாக இதே மாத்திரைகள்தான்.

சேர்க்கப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு சோர்வு தொடங்கியிருக்கிறது. அப்புறம் மலச்சிக்கல், பசியின்மை. ஓயாத தாகம், இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவது. நீரிழிவு உள்ள மனிதர் என்பதால் "சர்க்கரை ஏறியிருக்கும்" என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். மகள் மட்டும் வீட்டுக் கருவியில் தினமும் அளந்து குறித்து வைத்திருந்தாள். லிட்டருக்கு 7, 8, எப்போதாவது 9 மில்லிமோல். அந்த அளவில் சர்க்கரை இருக்கும் ஒருவருக்கு இரவு முழுக்கத் தாகம் எடுக்காது. அந்தத் தாள் ஒரு மருத்துவரின் மேசை வரைக்கும் போனது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்பதற்கான நல்ல செய்தியாக அது படிக்கப்பட்டது. தாகம் பற்றிய கேள்வி அங்கேயே நின்றுபோனது.

முதுகு வலிக்கிறது என்றதும் மனைவி கடையில் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி மாத்திரையும் வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார். காலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் பால். மலச்சிக்கலுக்குக் கடுக்காய்ப் பொடி.

ஐந்தாவது வாரத்தில் மறதி வந்தது. மகளை, இறந்துபோன தன் அக்காளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மின்தூக்கியில் வேறு மாடியில் இறங்கி, யார் வீட்டுக் கதவையோ திறக்கப் பார்த்தார். முதுமை மறதியோ என்று பயந்து நினைவாற்றல் பரிசோதனைக்கு முன்பதிவு செய்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் ஒரு திங்கட்கிழமை காலை எழுப்ப எழுப்ப எழாமல் கிடந்தார். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தார்கள்.

திங்கள் முதல் புதன் வரை

அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்த ரத்தத்தில் கால்சியம் லிட்டருக்கு 3.46 மில்லிமோல். ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான அல்புமின் 32 கிராம்தான் இருந்தது. அல்புமின் 40-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.02 கூட்டிக் கணக்கிடுவது வழக்கம். அப்படித் திருத்தினால் 3.62. இயல்பான மேல் எல்லை 2.6-ஐ ஒட்டி இருக்கும். 3.5-ஐத் தாண்டினால் மூளையும் இதயமும் சிறுநீரகமும் ஒருசேரத் தடுமாறும். இதயத் துடிப்பு வரைபடத்தில் க்யூ-டி இடைவெளி சுருங்கியிருந்தது. சிறுநீரகம் தடுமாறினால் ஏறும் கிரியேட்டினின், முன்பு 88 ஆக இருந்தது, இப்போது 214.

தாகம், சிறுநீர், மலச்சிக்கல், மறதி எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒன்றுதான். கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாது. நீர் போகப் போக உடல் வறளும். வறண்ட சிறுநீரகம் கால்சியத்தை இன்னும் தேக்கி வைக்கும். இது தானே தன்னைச் சுற்றும் சக்கரம். அதை முதலில் அறுப்பது வெறும் உப்பு நீர்தான். முதல் 24 மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல் சிரை வழியாக ஏற்றினார்கள். தாதிகள் நுரையீரல் ஒலியையும் சிறுநீர் அளவையும் மணிக்கொரு தரம் பார்த்தார்கள். கூடவே கால்சியத்தைக் குறைக்கும் கால்சிடோனின், எடைக்கு ஏற்ப 250 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. அது சில மணி நேரத்திலேயே வேலை செய்யும். ஆனால் இரண்டு நாளில் உடல் அதற்குப் பழகிவிடும்.

இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடை, அதாவது தயசைடை, முதல் நாளே நிறுத்தினோம். சிறுநீர் வழியாக வெளியேற வேண்டிய கால்சியத்தைத் தடுத்து வைக்கும் மாத்திரை அது. சிறுநீரகம் தேறும் வரை மெட்ஃபார்மினும் நிறுத்தம்.

இங்கே என் தவறு ஒன்று இருக்கிறது. மின்னியல் பதிவேட்டில் இருந்த மருந்துகளை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டேன். கடையில் வாங்கியது எதுவும் அதில் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை அவர் கொஞ்சம் கண் விழித்ததும், மனைவி பையிலிருந்து ஒரு கால்சியம் மாத்திரையை எடுத்துப் பாலோடு கொடுத்துவிட்டார். புதன்கிழமை ஒரு தாதி பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு மாத்திரையால் பெரிய மாற்றம் நேர்ந்திருக்காது. ஆனால் ஆறு வார மாத்திரைக் கதையை இரண்டு நாள் தாமதமாகத் தெரிந்துகொண்டோம். அன்று உட்கார்ந்து பையில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். மூட்டு வலிக்கு என்று எங்காவது வாங்கிய உருண்டையோ கஷாயமோ இருக்கிறதா என்றும் கேட்டேன். இப்படி விற்கப்படும் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை எச்சரித்திருக்கிறது. அப்படி ஏதாவது உள்ளே போயிருந்தால் பின்னால் நடந்த எல்லாமே குழம்பியிருக்கும். நல்லவேளை, கடுக்காய்ப் பொடிதான் இருந்தது.

புதன் காலை கால்சியம் 3.04, கிரியேட்டினின் 152. எலும்பிலிருந்து கால்சியம் கரைவதைத் தடுக்க சோலெட்ரானிக் அமிலம் கொடுப்பதா என்ற கேள்வி முதல் நாளே வந்தது. அப்போது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் கணக்குப்படி நிமிடத்துக்கு 26 மில்லிலிட்டர்தான் இருந்தது. அதனால் காத்திருந்தோம். புதனன்று அது 36-க்கு வந்ததும் அளவைக் குறைத்து 3 மில்லிகிராம், அரை மணி நேரத்துக்கு மெதுவாக ஏற்றப்பட்டது. அன்றிரவு கால்சிடோனின் முடிந்தது.

காரணத்தைத் தேடியது

ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறக்குறைய காணவே இல்லை. அதாவது அந்தச் சுரப்பிகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து அடங்கியிருந்தன. கால்சியத்தை ஏற்றுவது வேறு ஏதோ ஒன்று. மருத்துவமனைக்குள் படுத்திருக்கும் நோயாளியிடம் இப்படிக் கண்டால் முதலில் புற்றுநோயைத்தான் நினைக்க வேண்டும்.

புற்றுநோயால் கால்சியம் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம், பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே நடிக்கும் ஒரு புரதம். கட்டி அதைச் சுரக்கும். நூற்றில் எண்பது பேருக்கு இதுதான். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1941-லேயே ஊகித்தார்கள். 1987-ல்தான் பிரித்தெடுத்தார்கள். அடுத்தது, எலும்புக்குள் பரவிய புற்றுநோய் எலும்பை அங்கங்கே கரைப்பது. மூன்றாவது வகை மிக அரிது. நூற்றில் ஒருவருக்குக்கூட வராது. வைட்டமின் டி-யின் வீரியமான வடிவம் கால்சிட்ரியால். வழக்கமாகச் சிறுநீரகம்தான், பாராதைராய்டு ஹார்மோனின் சொல் கேட்டு, அளவோடு அதைத் தயாரிக்கும். சில லிம்ஃபோமாக்களில் (நிணநீர்ப் புற்றுநோய்களில்), கட்டியைச் சுற்றிக் குவிந்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் யார் சொல்லையும் கேட்காமல் அதைத் தயாரித்துத் தள்ளும். குடல் கால்சியத்தை அள்ளி உறிஞ்சும். ஸ்டீராய்டு உருப்படியாக வேலை செய்வது இந்த வகையில்தான். அந்த அணுக்களின் நொதியை அது அடக்குகிறது. குடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. லிம்ஃபோமா அணுக்களையும் கொல்கிறது. முதல் வகைக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பெரிதாகப் பலன் எதிர்பார்க்க முடியாது.

இவருக்குப் பாஸ்பேட் குறையாமல் 1.3 ஆக இருந்தது. அந்தப் போலிப் புரதம் இருந்தால் பாஸ்பேட் பெரும்பாலும் இறங்கியிருக்கும். சாதாரண வைட்டமின் டி அளவும் இயல்பாகவே இருந்தது. ஆகவே மனைவி கொடுத்த மாத்திரைகள் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. அவை எரிகிற அடுப்பில் கொஞ்சம் விறகு போட்டன, அவ்வளவே. இதைச் சொன்னபோது அந்த அம்மா அழுதுவிட்டார். இரண்டு நாளாகத் தன் கையால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கால்சிட்ரியால் சோதனைக்குச் செவ்வாயன்றே ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும். வியாழன் எடுத்த சி.டி. படத்தில் வயிற்றுக்குள் நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருந்தன, மண்ணீரல் பெரிதாகியிருந்தது. எலும்பில் ஓட்டை எதுவும் இல்லை. இடது காறை எலும்புக்கு மேலே விரலுக்குத் தட்டுப்படும் ஒரு கழலையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை

வியாழன் 2.98. வெள்ளி 3.09. கால்சிடோனினின் பிடி விட்டது தெரிந்தது. சோலெட்ரானிக் அமிலம் முழுமையாக வேலை செய்ய இரண்டு முதல் நாலு நாள் ஆகும். எலும்பைப் பூட்டினாலும் குடல் வழியாக வருவதை அது தடுக்காது. அவர் மீண்டும் மந்தமாகிக்கொண்டிருந்தார். கழலையின் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் இடம் கிடைத்திருந்தது.

மகள் நிறைய படித்துவிட்டு வந்திருந்தாள். "எங்கப்பா இப்படிக் கிடக்கிறார். இதுக்கு மருந்து ஸ்டீராய்டுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் போடல?" என்று கேட்டாள். அவள் அம்மாவுக்கோ நேரெதிர் பயம். "தம்பி, அந்த மருந்து வேண்டாம். எங்க ஊர்ல ஒருத்தருக்கு அதைக் கொடுத்து முகமெல்லாம் ஊதிப்போச்சு." பணியில் இருந்த இளம் மருத்துவரும் அன்றிரவே ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் இருந்தார். உண்மையைச் சொன்னால் நானும் அந்தப் பக்கம்தான்.

இரத்தநோய் நிபுணர் வேண்டாம் என்றார். இரண்டு காரணம் சொன்னார். ஸ்டீராய்டு லிம்ஃபோமாவைக் கரைக்கும். நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் ஓரிரு நாளிலேயே கழலை சுருங்கி, அணுக்கள் செத்து, பயாப்ஸியில் இறந்த திசு மட்டும் கிடைக்கலாம். என்ன வகை லிம்ஃபோமா என்றே தெரியாமல் எந்தக் கீமோவைத் தேர்ந்தெடுப்பது? இரண்டாவது காரணம் காசநோய். காசநோயின் கட்டிகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ்களும் இதே கால்சிட்ரியாலைத் தயாரிக்கும். சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயும் அப்படித்தான். சிறுநீரகமே இல்லாத ஒரு சார்காய்டோசிஸ் நோயாளியின் ரத்தத்தில் கால்சிட்ரியால் மிகுந்திருந்ததை 1981-ல் வெளியிட்ட பிறகுதான், சிறுநீரகத்துக்கு வெளியேயும் இது உருவாகும் என்பது உறுதியானது. இவருடைய வயதில், இவர் வாழ்ந்த சூழலில், கழலையும் கால்சியமும் சேர்ந்திருந்தால் காசநோயைக் கணக்கிலிருந்து எடுக்கவே முடியாது. மருந்தில்லாமல் விட்ட காசநோய்க்கு மேல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடல் முழுக்கப் பரவும். கால்சியமோ அழகாக இறங்கும். நாம் சரியான வழியில் போகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்போம்.

ஆனால் செவ்வாய் வரை காத்திருப்பதும் முடியாத காரியம். அதனால் ஒரு எல்லை வைத்தார். கால்சியம் 3.4-ஐத் தொட்டாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ, இதயத் துடிப்பு மாறினாலோ பயாப்ஸிக்குக் காத்திருக்காமல் ஸ்டீராய்டு போட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கால்சியம் பார்க்க வேண்டும். இதைக் குறிப்பேட்டில் எழுதி இரவுப் பணியாளர்களிடம் வாயாலும் சொன்னார். பிறகு அறுவை சிகிச்சைக் குழுவைத் தானே தொலைபேசியில் அழைத்துப் பேசினார். படிவத்தில் செவ்வாய் என்று இருந்தது, பேச்சில் சனிக்கிழமை காலையாக மாறியது.

மகளிடம் நிபுணரே உட்கார்ந்து இதையெல்லாம் விளக்கினார். அவள் கேட்ட ஒரே கேள்வி, "ராத்திரி 3.4 ஆச்சுன்னா யார் முடிவு பண்ணுவா?" முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்று குறிப்பேட்டைக் காட்டியதும் வீட்டுக்குப் போனாள்.

பயாப்ஸியும் முதல் ஊசியும்

சனி காலை 3.16. மயக்க மருந்து இல்லாமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து கழலையை முழுசாக எடுத்தார்கள். ஒரு துண்டு காசநோய்ச் சோதனைக்குத் தனியாகப் போனது. நோயியல் மருத்துவர் திசுவைக் கண்ணாடியில் ஒற்றி உடனே பார்த்தார். பெரிய, முறைகெட்ட லிம்ஃபாய்டு அணுக்கள். காசநோய்க்குரிய கட்டமைப்பு எதுவும் இல்லை, கிருமிச் சாயமும் பிடிக்கவில்லை. இறுதி முடிவு அல்ல, ஆனாலும் ஸ்டீராய்டு தொடங்க அது போதும் என்று முடிவானது.

முதல் ஊசிக்கு முன்னால் என் பங்குக்கு ஒரு பட்டியல் இருந்தது. சிகிச்சையின்போது மறுபடி விழித்துக்கொள்ளக்கூடிய ஹெப்பட்டைட்டிஸ் பி-க்கான ரத்தம் போய்விட்டதா? யூரிக் அமிலம் 580 என்பதால் அதைக் குறைக்கும் அலோபியூரினால் தொடங்கியாயிற்றா? அப்புறம் மனைவியிடம் ஒரு கேள்வி: சின்ன வயதில் தோட்டத்தில் செருப்பு போடுவாரா? அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செருப்பா? கல்யாணத்துக்குத்தான் முதல் செருப்பு வாங்கினாரு." வெறுங்காலில் ஈர மண்ணில் நடந்தவர்கள் உடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல் போன்ற புழு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டுமீறிப் பெருகி உயிரையே வாங்கும். அதற்கான ரத்தச் சோதனையை அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஐவர்மெக்டின் 12 மில்லிகிராம் கொடுத்தோம்.

மதியம் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கியது. ஞாயிறு 3.05. திங்கள் 2.81. செவ்வாய் 2.58. புதன் 2.43. செவ்வாயிலிருந்து ஊசிக்குப் பதிலாக வாய்வழி ஸ்டீராய்டான பிரெட்னிசலோன், நாளுக்கு 40 மில்லிகிராம்.

இந்த இறக்கம் முழுக்க ஸ்டீராய்டால்தான் என்று சொல்ல மாட்டேன். புதனன்று போட்ட சோலெட்ரானிக் அமிலமும் இதே நாட்களில்தான் முழு வேலைக்கு வரும். ஆனால் செவ்வாயன்று வந்த கால்சிட்ரியால் முடிவு, மேல் எல்லையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்டீராய்டு தொடங்கிய ஆறாம் நாள் மறுபடி எடுத்ததில் அது இயல்புக்கு வந்திருந்தது. அந்த வேலையைச் சோலெட்ரானிக் அமிலம் செய்யாது.

திங்கட்கிழமை காலை மகளை அவள் பெயர் சொல்லியே கூப்பிட்டார். தே ஓ (பாலில்லாத தேநீர்) கேட்டார்.

ஸ்டீராய்டு கேட்ட விலை

இரண்டாம் நாள் மாலையே சர்க்கரை 21. காலையில் 9-ஆக இருக்கும், பிற்பகலுக்கு மேல் எகிறும். ஸ்டீராய்டின் சர்க்கரை அப்படித்தான் போகும். ஆறு வாரம் சர்க்கரையைக் குறை சொன்ன குடும்பத்துக்கு, இப்போது நிஜமாகவே சர்க்கரை ஏறியபோது நம்பிக்கை வரவில்லை. காலை வேளை இன்சுலின் சேர்த்த பிறகு அடங்கியது. தூக்கமும் போயிற்று. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து மேசைமேல் இருந்ததையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்தார். மறதி திரும்பிவிட்டதோ என்று மகள் பதறினாள். மருந்தை ஒரே வேளையாகக் காலைக்கு மாற்றியதும் ஓரளவு தூங்கினார்.

பொட்டாசியம் 5.3-க்கும் பாஸ்பேட் 1.82-க்கும் ஏறின. கட்டி கரையத் தொடங்கியதன் அடையாளம். நீரும் அலோபியூரினாலும் போதுமானதாக இருந்தது.

வியாழன் இறுதி அறிக்கை வந்தது. பரவலான பெரிய பி-அணு லிம்ஃபோமா. திசு தெளிவாக இருந்ததால் துணைவகை வரை சொல்ல முடிந்தது. ஹெப்பட்டைட்டிஸ் பி பழைய தொற்றின் தடம் இருந்ததால் அதை அடக்கி வைக்கும் என்டெகாவிர் சேர்த்தார்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸ் சோதனையும் நேர்மறையாக வந்தது, ஐவர்மெக்டின் இன்னொரு முறை கொடுக்கப்பட்டது. காசநோய்க் கிருமி வளர்ப்புச் சோதனையில் பின்னாலும் எதுவும் முளைக்கவில்லை. அடுத்த திங்கள் ஆர்-சாப் என்ற கீமோவின் முதல் சுற்று தொடங்கியது.

பின்னர் நடந்தது

முதல் சுற்றோடு வரும் ஐந்து நாள் பிரெட்னிசலோன் முடிந்த பிறகும் கால்சியம் ஏறவில்லை. ஒரு கட்டத்தில் 2.08 வரை இறங்கியது. விரல் மரத்துப்போவது, தசை இழுப்பு எதுவும் இல்லாததால் மருந்து கொடுக்காமல் கவனித்தோம், தானே மேலே வந்தது. மூன்றாவது சுற்றுக்குப் பின் காய்ச்சலோடு ஒரு வாரம் மீண்டும் சேர்க்கப்பட்டார். ஆறு சுற்றும் முடிந்தன. முடிவில் எடுத்த பெட் ஸ்கேன் படத்தில் நோய் தெரியவில்லை. இதை எழுதும்போது எட்டு மாதம் ஆகிறது. கிரியேட்டினின் 104-ல் நிற்கிறது, பழைய 88-க்குத் திரும்பவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தாகமும் சிறுநீரும் இருந்து சர்க்கரை சரியாக இருந்தால் கால்சியம் பார்க்க வேண்டும். தயசைடு சாப்பிடுபவர் என்றால் இன்னும் விரைவாக. சாதாரண ரத்தச் சோதனைதான். மகளின் தாளைப் பார்த்த அன்றே எடுத்திருந்தால் நாலு வாரம் முன்னதாகத் தெரிந்திருக்கும், சிறுநீரகமும் தப்பியிருக்கும்.

வியாழன் படத்தைப் பார்த்ததுமே அறுவைக் குழுவைத் தொலைபேசியில் அழைத்திருக்கலாம். படிவம் அனுப்பிவிட்டுக் காத்திருந்ததில் ஒரு நாள் போயிற்று. ஸ்டீராய்டைத் தள்ளிப்போட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மணி நேரமும் அவர் மூளைமேல் போட்ட கடன். அதை இன்னும் குறைத்திருக்கலாம்.

இன்சுலினை, சர்க்கரை 21 ஆன பிறகு தேடியது என் பக்கத்துக் குறை. நீரிழிவு உள்ளவருக்கு முதல் ஊசியோடு சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். மருந்துப் பட்டியல் விஷயத்தை முன்பே சொன்னேன். இப்போது புதிதாகச் சேரும் நோயாளியின் குடும்பத்திடம் "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்பதில்லை. "வீட்டில் மேசைமேல் என்னென்ன டப்பா இருக்கிறது, படம் எடுத்து அனுப்புங்கள்" என்கிறேன்.

இன்னொன்று. வீட்டுக்கு அனுப்பும்போது அட்டையில் "கால்சியம், வைட்டமின் டி மாத்திரை வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதவில்லை. ஐந்து மாதம் கழித்து வெளிநோயாளர் பிரிவில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த அம்மா மாத்திரையோடு பாலையும் தயிரையும் கேழ்வரகையும் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. அன்று காலை கால்சியம் 2.31. நிபுணரிடம் கேட்டுக்கொண்டு, கூழ் காய்ச்சலாம் என்று சொன்னேன். "எழுதிக் கொடு தம்பி" என்றார். எழுதிக் கொடுத்தேன், தேதியும் போட்டு.